பழைய டிரைவைப் படிக்கும் வித்தை

பழைய இயந்திரச் சாமான் விற்கும் கடைகளில் மோட்டார்க் குவியலுக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் இன்னொரு குவியலும் சேர்ந்திருக்கிறது. சாம்பல் நிறத்திலோ வெள்ளையிலோ பிளாஸ்டிக் பெட்டிகள். முகப்பில் சிறு எண்திரை, நாலைந்து பொத்தான்கள். முதுகில் வரிவரியாக அலுமினியத் தகடு. சில உள்ளங்கையில் அடங்கும். சிலவற்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நூற்பாலை, லிஃப்ட், பேக்கிங் இயந்திரம், பெரிய கட்டடத்தின் ஏசி என்று எங்கெங்கிருந்தோ கழற்றப்பட்டு வந்தவை. கடைக்காரர் ‘டிரைவ்’ என்பார். எலக்ட்ரீஷியன் ‘விஎஃப்டி’ என்பார். ஜப்பானியக் கம்பெனிகளின் சீட்டில் ‘இன்வெர்ட்டர்’ என்றே அச்சிட்டிருக்கும். கரண்ட் போனால் வீட்டு விசிறியை ஓட்டும் பேட்டரிப் பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மின்மோட்டாரின் வேகத்தை விருப்பம்போல் கூட்டிக் குறைக்கும் கருவி இது.

உயிருள்ள டிரைவ், புதியதன் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும். செத்தது அலுமினிய எடைக்குத்தான் ஆகும். இரண்டும் ஒரே குவியலில் ஒரே விலையில் கிடப்பதுண்டு. எது நல்லது, எது நம் மோட்டாருக்கு ஒத்துவரும் என்பதைப் பெரும்பாலும் பெட்டியே சொல்லிவிடுகிறது. அது சொல்வது புரிய வேண்டுமானால், உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டாரிலிருந்து தொடங்கலாம். பெர்லினில் ஏஇஜி கம்பெனியில் வேலை பார்த்த டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி 1889ல் உருவாக்கிய மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டாருக்கும், இன்று கோவையில் செய்து இறக்கும் மோட்டாருக்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. வெளிக்கூட்டில் மூன்று தொகுதிச் செப்புக்கம்பிச் சுற்றுகள். அவற்றில் மூன்று பேஸ் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும்போது உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. நடுவில் இருக்கும் உருளை அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. உருளைக்கு எந்த ஒயரும் போவதில்லை, தேயும் கார்பன் பிரஷ் இல்லை. பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு தலைமுறை ஓடும்.

இத்தனை நல்ல குணத்துக்கு நடுவே ஒரே ஒரு பிடிவாதம். காந்தப்புலம் எவ்வளவு வேகமாகச் சுழல்வது என்பதை மின்வாரியம் முடிவு செய்கிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதாவது 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டாரில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று. நேம்பிளேட்டில் 1440 என்று போட்டிருப்பார்கள். துரத்துகிற உருளை காந்தப்புலத்தை எட்டிப் பிடித்துவிட்டால் இழுவிசையே இராது என்பதால், சுமையோடு ஓடும்போது அது எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். இந்த 1440ஐ 900 ஆக்க வேண்டுமென்றால் வோல்டேஜைக் குறைத்துப் பயனில்லை; மோட்டார் திணறிச் சூடாகும், அவ்வளவுதான். அதனால் வெகுகாலம் கப்பி மாற்றினார்கள், கியர் வைத்தார்கள். வேகம் நிச்சயமாக மாறியே ஆக வேண்டிய இடத்தில் பிரஷ் தேயும் டிசி மோட்டாரைச் சகித்துக்கொண்டார்கள். 50 என்ற எண்ணையே மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று எல்லா இன்ஜினியருக்கும் தெரியும். மாற்றும் கருவிதான் இல்லை. 1968ல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் விஎல்டி 5 என்ற பெட்டியைத் தொழிற்சாலை அளவில் செய்து விற்கத் தொடங்கியது. மொத்தமாக உற்பத்தியான முதல் டிரைவ் அதுதான்.

டிரைவ் என்ன செய்கிறது? வருகிற மின்சாரத்தைத் திருத்துவதில்லை. அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்கிறது. முதல் கட்டத்தில் ஆறு டயோடுகள் மாறுதிசை மின்சாரமான ஏசியை நேர்திசை டிசியாக்குகின்றன. இரண்டாம் கட்டத்தில் அந்த டிசி பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்குகிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இதற்கும் வேலை ஒன்றே: கீழிருந்து மோட்டார் விட்டுவிட்டு ஏற்றினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும், மோட்டாரை நிறுத்திய பிறகும் தொட்டி நிறைந்தே இருக்கும். 415 வோல்ட் ஏசியை இப்படித் தேக்கினால் சுமார் 590 வோல்ட் டிசி நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் நிற்கும். டிரைவின் மூடியில் ‘திறப்பதற்கு முன் இத்தனை நிமிடம் பொறுக்கவும்’ என்று எச்சரிக்கை ஒட்டியிருப்பது இதற்காகத்தான். ஐந்து, பத்து, பதினைந்து நிமிடம் என்று அளவுக்கேற்ப மாறும். இதைப் படிக்காமல் ஸ்குரூடிரைவரை உள்ளே விடுகிறவருக்கு இரண்டாவது பாடம் கற்க வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாம் கட்டத்தில்தான் வித்தை இருக்கிறது. ஆறு மின்னணு சுவிட்சுகள் அந்த டிசியை நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு துண்டும் முழு வோல்டேஜில்தான் போகிறது, அகலம்தான் மாறுகிறது. அகலமான துண்டுகள் வரிசையாக வந்தால் சராசரி ஏறும், ஒடுங்கிய துண்டுகள் வந்தால் இறங்கும். மோட்டாரின் கம்பிச்சுற்றுக்கு மின்னோட்டத்தைச் சட்டென்று மாறவிடாத குணம் உண்டு. ஆகவே அது துண்டுகளைப் பொருட்படுத்தாமல் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே ஓடும் மின்னோட்டம் அழகான அலையாகிவிடுகிறது. அந்த அலை நொடிக்கு 50 ஆகவும் இருக்கலாம், 13 ஆகவும் இருக்கலாம், 72 ஆகவும் இருக்கலாம். டிரைவில் ஓடும் மோட்டார் ‘கீ...’ என்று மெலிதாகப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். துண்டு போடும் வேகம் நம் காதுக்கு எட்டும் எல்லையில் இருப்பதால் வரும் சத்தம் அது, கெடுதல் ஒன்றுமில்லை.

இந்த சுவிட்சுக்கு ஐஜிபிடி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் இதை உருவாக்கியவர் ஜெயந்த் பாலிகா. 1948ல் சென்னையில் பிறந்து, 1969ல் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். ஏசி, ஹீட் பம்ப் மோட்டார்களின் வேகத்தைச் சிக்கனமாக மாற்ற ஒரு சுவிட்ச் வேண்டும் என்ற தேவைதான் அந்த வேலைக்கு உந்துதல். 2024ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று மின்சார ரயிலும் மின்சாரக் காரும் பெரும்பாலும் இந்த சுவிட்சை நம்பியே ஓடுகின்றன. நம் ஊரில் ஒரு சினிமா பாடகரைத் தெரிந்த அளவுக்குக்கூட அவரைத் தெரியாது என்பது என் வருத்தம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அலைவெண்ணைக் குறைத்தால் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு 415 வோல்ட் என்றால் ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட், 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 207 வோல்ட் போதும். முழு வோல்டேஜைக் கொடுத்தால் இரும்பு காந்தத்தால் நிரம்பி வழிந்து கம்பிச்சுற்று வெந்துவிடும். டிரைவ் இதைத் தானாகப் பார்த்துக்கொள்கிறது. 50ஐத் தாண்டினால் கதை வேறு. வேகம் ஏறும், ஆனால் உள்ளே வருகிற வோல்டேஜுக்கு மேல் டிரைவால் கொடுக்க முடியாது. அதனால் மேலே போகப் போக முறுக்கு விசை குறையும்.

இப்போது கடைக்குப் போகலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் முதலில் தேட வேண்டியது எச்.பி. அல்ல, வோல்டேஜ். 200 வகை, 400 வகை என்று டிரைவில் இரண்டு பெருங்குலங்கள். உள்ளீட்டு வரியில் ஒரு பேஸ் 200–240 என்றிருந்தால் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும். மூன்று பேஸ் 380–480 என்றிருந்தால் மூன்று பேஸ் இணைப்பு வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘230ஐக் கொடுத்தால் 415 மூன்று பேஸாக வரும்’ என்று சொல்லி விற்பார்கள். வழக்கமான டிரைவில் வராது. 230 கொடுத்தால் மூன்று பேஸ் வரும், உண்மைதான்; ஆனால் 230 வோல்டில்தான் வரும். 400 வகை டிரைவில் 230ஐக் கொடுத்தாலோ, தொட்டியில் 325 வோல்ட்தான் நிற்கும். ‘வோல்டேஜ் போதாது’ என்று காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

சீட்டு மங்கிப்போய் மாடல் எண் மட்டும் மிஞ்சியிருக்கும் டிரைவ்கள் உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான். ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியின் மாடல் எண்ணும் ஒரு விடுகதை. 1.5 கிலோவாட் என்பதில் புள்ளி வருகிறது; மாடல் எண்ணில் புள்ளி வைத்தால் அச்சில் அழிந்துபோகும், தட்டச்சில் விட்டுப்போகும். எனவே ஆளுக்கொரு தந்திரம். யாஸ்காவா புள்ளிக்குப் பதிலாக ஆங்கில ‘பி’ (P) வைக்கிறது: 20பி7 என்றால் முதல் எண் 200 வகையைக் குறிக்கிறது, 0பி7 என்பது 0.75 கிலோவாட், நம் கணக்கில் 1 எச்.பி. முதல் எண் 4 என்றால் 400 வகை. முதல் எண்ணுக்குப் பதிலாக இன்னொரு ‘பி’ (B) அங்கே வந்தால் ஒரு பேஸ். ஏபிபி ஆம்பியரை எழுதுகிறது, ‘ஏ’யைப் புள்ளியாக வைத்து: 03ஏ3-4 என்றால் 3.3 ஆம்பியர், 400 வகை. டான்ஃபாஸுக்கு ‘கே’தான் புள்ளி: பி1கே5 என்பது 1.5 கிலோவாட், பி15கே என்பது 15, பிகே75 என்பது 0.75. பின்னால் டி4 (T4) வந்தால் மூன்று பேஸ் 400. எஸ்2 வந்தால் ஒரு பேஸ் 200.

ஷ்னைடரின் ஆல்டிவாரில் எழுத்தே பத்தின் மடங்கைச் சொல்கிறது. யு15 என்பது 1.5 கிலோவாட், டி15 (D15) என்பது 15. ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு வித்தியாசம். வால்பகுதியில் எம்2 ஒரு பேஸ், எம்3 மூன்று பேஸ் 200, என்4 மூன்று பேஸ் 400. சீமென்ஸ் மைக்ரோமாஸ்டர் எல்லாரையும்விட அழுத்தமானது: 17-5 என்றால் 0.75, 21-5 என்றால் 1.5, 31-1 என்றால் 11 கிலோவாட். முதல் இலக்கம்தான் புள்ளி எங்கே விழும் என்று சொல்கிறது. தைவானின் டெல்டா நேரானது, ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 007 என்பது 0.75 கிலோவாட், 075 என்பது 7.5. பின்னால் வரும் 21 ஒரு பேஸ் 230, 23 மூன்று பேஸ் 230, 43 மூன்று பேஸ் 400 வகை. மிட்சுபிஷியில் 720 என்றால் 200 வகை, 740 என்றால் 400 வகை, 720க்குப் பின் ‘எஸ்’ ஒட்டினால் ஒரு பேஸ். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அநேகமாக எல்லாக் கம்பெனிகளும் பழைய டிரைவின் கையேட்டைக்கூட இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டால் கடை வாசலிலேயே போனில் படித்துவிடலாம்.

அடுத்தது ஆம்பியர். ‘5 எச்.பி. மோட்டாருக்கு 5 எச்.பி. டிரைவ்’ என்ற கணக்கு, சாதாரண நான்கு துருவ மோட்டாருக்குச் சரிவரும். போர்வெல்லுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார், அதே எச்.பி. உள்ள தரைமேல் மோட்டாரைவிட அதிக மின்னோட்டம் இழுக்கும். ஆறு துருவ மோட்டாரும் அப்படித்தான். ஐஜிபிடிக்கு எச்.பி. தெரியாது, ஆம்பியர்தான் தெரியும். மோட்டார் நேம்பிளேட்டின் ஆம்பியர், டிரைவ் சீட்டின் வெளியீட்டு ஆம்பியருக்குள் அடங்க வேண்டும். சில சீட்டில் ஒரே டிரைவுக்கு இரண்டு அளவு போட்டிருக்கும். பெரியது பம்பு, விசிறி போன்ற லேசான சுமைக்கு. சிறியது கன்வேயர், கிரஷர் போன்ற முரட்டுச் சுமைக்கு. விற்கிறவர் பெரியதைச் சொல்வார். நாம் சிறியதைப் பார்க்க வேண்டும். மூன்று பேஸ் 200 வகை டிரைவை ஒரு பேஸில் ஓட்ட நினைத்தால் அதன் திறனில் பாதியைத்தான் நம்பலாம், பேஸ் குறைகிறது என்று அது முரண்டு பிடிக்காமல் இருந்தால்.

நம் மோட்டார் 415 வோல்ட், கிடைத்த டிரைவோ ஒரு பேஸ் 230. தூக்கிப்போட வேண்டுமா? மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிறிய மோட்டார்கள் பெரும்பாலும் ஸ்டார் என்ற இணைப்பில் கட்டியிருக்கும். ஆறு முனைகளும் வெளியே இருந்தால், தகட்டை மாற்றிப் போட்டு டெல்டா என்ற இணைப்பாக்கலாம். 415ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 240. அதே மோட்டார் இப்போது 240 வோல்ட் மோட்டார். ஆம்பியர் 1.73 மடங்காகும், டிரைவை அதற்கேற்பப் பார்க்க வேண்டும். மூன்றே முனைகள் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளே இருக்கிறது. வைண்டிங் கடைக்காரரால் அதை வெளியே எடுத்துத் தர முடியும். வீட்டுப் பம்பு, கிரைண்டரில் இருக்கும் கெப்பாசிட்டர் வைத்த ஒரு பேஸ் மோட்டாருக்கு இந்த டிரைவ் ஆகவே ஆகாது.

வாங்குமுன் மல்டிமீட்டரால் ஒரு சோதனை. மின்சாரம் இல்லை, தொட்டியில் வோல்டேஜ் இல்லை என்பதை அளந்து உறுதி செய்த பிறகுதான். டெர்மினல் வரிசையில் ஆர், எஸ், டி என்பது உள்ளே வரும் வழி. யு, வி, டபிள்யூ மோட்டாருக்குப் போகும் வழி. மெயின் சப்ளையை யு, வி, டபிள்யூவில் கொடுத்தால் டிரைவ் வெடித்தே சாகும். கூட்டல், கழித்தல் குறியிட்டவை தொட்டியின் இரு முனைகள். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, கூட்டல் முனைக்கும் ஆறு டெர்மினல்களுக்கும், பிறகு கழித்தல் முனைக்கும் அதே ஆறுக்கும் அளந்து பாருங்கள். ஒரு திசையில் 0.3 முதல் 0.6 வரை ஏதாவது காட்டும், எதிர்த்திசையில் திறந்திருக்கும். மூன்று உள்ளீடுகள் தமக்குள் ஒத்துப்போக வேண்டும். மூன்று வெளியீடுகளும் அப்படியே. எங்காவது ஒன்றில் இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஐஜிபிடியோ டயோடோ போய்விட்டது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. செய்ய விடாத கடையில் வாங்குவது சூதாட்டம்.

சோதனையில் தப்பியதிலும் கெப்பாசிட்டர் கிழமாகியிருக்கலாம். அதன் எதிரி வெப்பம். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. நூற்பாலையிலிருந்து வந்த டிரைவின் முதுகுத் தகடுகளுக்கிடையே பஞ்சுத் தூசி மெத்தைபோல அடைந்திருந்தால், அது வெந்துகொண்டே ஓடியது என்று அர்த்தம். ஓராண்டு, ஈராண்டு சும்மா கிடந்ததற்கு இன்னொரு குறை உண்டு. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் நலிந்துபோயிருக்கும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் சுட்டு வெடிக்கலாம். டிம்மர்ஸ்டாட் வழியாக, கையேடு சொல்லும் கால இடைவெளியில் படிப்படியாக வோல்டேஜை ஏற்றினால் படலம் மீண்டும் வளர்ந்துவிடும். அவசரக்காரர்கள் இந்த ஒரு காரியத்தில் நல்ல டிரைவைக் கொன்றிருக்கிறார்கள்.

மின்சாரம் கொடுத்தபின் திரை எரிந்தால், அதன் நினைவைக் கேளுங்கள். பெரும்பாலான டிரைவ்கள் கடைசியாக எதனால் நின்றன என்ற பட்டியலை வைத்திருக்கும். பலவற்றில் ஓடிய மணிக்கணக்கும் இருக்கும். 50,000 மணி என்றால் இரவுபகலாக ஐந்தரை ஆண்டுக்கு மேல் உழைத்த உடம்பு. பட்டியலில் மிகைமின்னோட்டம் மீண்டும் மீண்டும் வந்திருந்தால் சுமைக்குப் போதாத டிரைவைப் போட்டு வதைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மிகைவெப்பம் என்றால் விசிறியைப் பார்க்க வேண்டும். மிகைவோல்டேஜ் வந்திருந்தால் அது சுவாரசியமான தடயம். கனமான சக்கரம் ஒன்றை டிரைவ் சட்டென்று நிறுத்த முயன்றிருக்கிறது. அப்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் தொட்டிக்குள் திருப்பித் தள்ளியிருக்கிறது. பெரும்பாலும் அது டிரைவின் குறை அல்ல. கடவுச்சொல் போட்டுப் பூட்டியவையும், ஓர் இயந்திரக் கம்பெனிக்கென்றே தனி மென்பொருள் ஏற்றியவையும் வரும். அவற்றோடு மல்லுக்கட்டாமல் இருப்பது நேரத்துக்கு நல்லது.

எங்கே போட்டால் லாபம்? விசிறியிலும், பெரிதாக உயரம் ஏற்றாத பம்பிலும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் விசிறி இழுக்கும் திறன் 51 சதவீதமாகிறது, வேகத்தின் மும்மடிப்படி இறங்குவதால். ஆழ்குழாய்க் கிணற்றில் அந்தக் கணக்கு ஓடாது. தண்ணீரை 300 அடி தூக்கியே ஆக வேண்டும், வேகம் ஓரளவுக்குக் கீழே போனால் நீரே வராது. மரக் கடைசல், துளையிடும் இயந்திரம் போன்றவற்றில் மின்சாரச் சிக்கனத்துக்காகப் போட வேண்டாம். வேகத்தை நினைத்தபடி திருகும் வசதிக்காகப் போடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. 10 ஹெர்ட்ஸில் சுமையோடு நெடுநேரம் ஓட்டினால் விசிறியும் சோம்பிப்போய் மோட்டார் கொதிக்கும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் அணைப்பதும், நீளமான கேபிள் இழுப்பதும் நல்லதல்ல. நீண்ட கேபிளில் வோல்டேஜ் துண்டுகள் எதிரொலித்து, மோட்டார் முனையில் தொட்டி வோல்டேஜின் இருமடங்கு வரை எகிறும். பழைய வைண்டிங்கின் இன்சுலேஷன் அதைத் தாங்காது.

கடைக்குக் கிளம்புமுன் உங்கள் மோட்டாரின் நேம்பிளேட்டையும் டெர்மினல் பெட்டியின் உட்புறத்தையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மல்டிமீட்டரையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சீட்டு கிழிந்து, மாடல் எண்ணும் அழிந்து, ‘நல்லா ஓடிட்டிருந்துச்சு சார்’ என்ற வாய்மொழி மட்டும் மிஞ்சிய டிரைவை, விலை எவ்வளவு இறங்கினாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.